பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்

டால்காவே படகுத்துறைச் சரிவில்
காவலர் கைகாட்டி நிறுத்தினார்.
"சென்யோரா, நிற்கிறீர்களா,
இடப்பக்கம் திரும்புகிறீர்களா?"
நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.
வண்டி வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷத்து டட்சன் பிக்கப்.
பிரேக்கை மிதித்தால்
இடது இண்டிகேட்டர் மங்கலாகக் கண் விழிக்கும்.
விளக்கைப் போட்டால் பெட்ரோல் முள்
பயந்து கீழே சரியும்.
அணைத்தால்
கால் டேங்க் திரும்பக் கிடைக்கும்.

காஸ்ட்ரோவில் ஒருவன் புது பேட்டரி விற்றான்.
இன்னொருவன் ஆல்டர்னேட்டரைத் தட்டிப் பார்த்துத்
தலையாட்டினான்; தலையாட்டியதற்கும் காசு.
மூன்றாமவன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து,
சிகரெட் வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ் ஒன்றைக் கண்டு
மரியாதையாக மூடிவிட்டான்.

பிறகு நானே இறங்கினேன்.
சிப்பித் தொழிற்சாலையில் பதினோரு வருஷம்
பெல்ட் நின்றபோதெல்லாம்
எலக்ட்ரீஷியனுக்கு டார்ச் பிடித்தவள்.
வெளிச்சம் பிடிப்பவருக்கும்
கொஞ்சம் தெரிந்துவிடும்.

நீள வயரின் வழியே
மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸில்,
சிவப்பு முனை பின்விளக்கின் இரும்பு உடம்பில்.
இரண்டும் ஒரே வீடு. இடையில்
எதுவும் இருக்கக் கூடாது, சுழியம்.
ஆனால் பிரேக் மிதிபட்டிருக்கும்போதுதான்
உண்மை வெளியே வரும்.
கால் முன்னால், கண் பின்னால்.
ஒற்றை உடம்புக்கு டட்சன் நீளம்.
செங்கல் வைத்தேன், சரிந்தது.
துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்தேன்,
வழுக்கி ஹார்னில் விழுந்து
அலறிக்கொண்டே கிடந்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான்
எலிசேயோ வேலியோரம் வந்தார்.
இரண்டு குளிர்காலமாக எங்களுக்குள் பேச்சில்லை.
அதே வேலிதான் காரணம்:
நாற்பது சென்டிமீட்டர்,
ஓர் ஆப்பிள் மரம்,
ஒரு வக்கீல் கடிதம்.
"மிதிக்கணுமா?" என்றார்.

ஏறி உட்கார்ந்தார்.
நான் பின்னால் ஈரத்தில் மண்டியிட்டேன்.
மிதி.
ஏழு வோல்ட்.
விடு.
சுழியம்.
மிதி.
ஏழு.

வந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை.
வழியில்லாதது சும்மா நிற்குமா?
பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து,
இண்டிகேட்டரைத் தட்டி எழுப்பி,
பெட்ரோல் முள்ளைக் காலில் மிதித்துக்கொண்டு,
யார் வீட்டுக் கொல்லை வழியாகவாவது
தன் வீடு போய்ச் சேரப் பார்க்கும்.
திருடனைத் தேடி வந்தேன்.
இருந்தது, இருட்டில் வழி தப்பிய ஒருவன்.

பம்பருக்கு உள்ளே, சேறு அப்பிய மூலையில்
ஒரே ஒரு போல்ட்.
கடல் உப்பும் நாற்பது வருஷ மழையும்
அதைச் சிவந்த பொருக்காக்கியிருந்தன.
வயர் முனை வளையம் பாசிப் பச்சை.
எர்த் என்கிறோம் அதை,
நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல்
மண்ணையே தொடாத மண்.

உப்புத்தாள், இரும்பு வெளுக்கும்வரை.
வாஸ்லீன். பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
மிதி.
இடமும் வலமும் இரண்டு சிவப்பு,
ஒரே அளவில்,
சரளைக்கல் ஈரத்தில் விழுந்தன.
மீட்டரில் சுழியம்.
இவ்வளவு சந்தோஷமான சுழியத்தை
என் வங்கிக் கணக்கில் பார்த்ததில்லை.

"போதும்" என்றேன்.
அவர் உடனே இறங்கவில்லை.
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.
என் இருக்கையிலிருந்து அவர் வேலி
எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும்:
கொஞ்சம் என் பக்கம் சாய்ந்து.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் மீட்டரின் வயரை
மெதுவாகவே சுற்றினேன்.

போகும்போது வண்டியின் பின்னால் ஒரு நொடி நின்று
"நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை" என்றார்.
நாற்பது சென்டிமீட்டரை
ஒரே எட்டில் தாண்டிப் போனார்.

அது வெறும் பல்பு.
படகுத்துறைக் கடையில் கிடைக்கும்.
மாற்ற ஒருத்தி போதும்,
யாரும் எதையும் மிதிக்க வேண்டியதில்லை.

இன்று மழை.
நாளை பார்க்கலாம்.